மூக்கம்மாள் சொன்னது

பங்குனி 12, செவ்வாய்

இந்த நோட்டைத் தை மாதம் பிளாரன்ஸ் டீச்சர் கொடுத்தாள். எங்கள் மேலத்தெருவில் இன்னும் சில பெண்களுக்கும் கொடுத்தாள். வேலை, வீடு, உடம்பு, எதுவானாலும் அன்றன்று நடந்ததை எழுத வேண்டுமாம். அவள் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறவள். உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். அவள் தோள்பையில் பேச்சைப் பிடிக்கிற கருவியும் இருக்கும், சங்கத்துக் கொடியும் இருக்கும். பொங்கல் முடிந்ததும் மற்றவர்கள் எழுதுவதை விட்டுவிட்டார்கள். ஒருத்தி நோட்டைக் கிழித்து வடை மடிக்கிறாள், என் கண்ணால் பார்த்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். விடமாட்டேன்.

இன்று டீச்சர் வந்தாள். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டதாம்.

"நீங்க சொன்னதெல்லாம் இருக்கு பேச்சிம்மா. ஆனா உங்க பேரு இல்ல. வேற பேரு வச்சிருக்கேன்."

"எம்பேருக்கு என்ன கேடு?"

"கங்காணி கண்ணுல பட்டா சேர்மக்கனிக்கு வேலை போயிரும்லா? சொன்னவங்களுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. எங்க படிப்புல அதான் ஒழுங்கு."

சேர்மக்கனி என் மருமகள். நான் கண் கெட்டு வேலையை விட்ட அளத்தில்தான் அவள் உப்பு வாருகிறாள். மகன் லாரியில் லோடு ஏற்றப் போகிறவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். பேரன் விடுதியில் படிக்கிறான். சரி, என்னவோ பேர் வை, கேட்க நன்றாக இருக்க வேண்டும் என்றேன். வைத்தாயிற்று, புத்தகம் வந்ததும் பாருங்கள் என்று சிரித்தாள்.

வாழைத்தண்டு வாங்கிச் சாறு எடுத்தேன். சந்தையில் மலிவாகக் கிடைத்தது, அதனால்தான்.

பங்குனி 15, வெள்ளி

டீச்சருக்குப் பழைய வேலைநிறுத்தக் கதை வேண்டுமாம். எல்லாம் சொன்னேன். மழை வராத ஐப்பசியில் நாங்கள் உப்பு வாருகிற பலகையைக் கீழே போட்டது, முதலாளி வெளியூர் ஆட்களை வண்டியில் இறக்கியது, நாங்கள் ரோட்டில் படுத்தது. யார் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்றுகூடச் சொன்னேன். கீழத்தெருக்காரி ஒருத்தி பாதியில் உப்புப் பாத்திக்குள் வேலைக்கு இறங்கினாள் என்றும் சொன்னேன்.

"அவங்க யாரு?"

"அவ பேர எவா சொல்லுவா? எவளோ ஒருத்தி."

அவள் பேரை நான் சொல்வதில்லை. இந்த நோட்டிலும் எழுத மாட்டேன். அளத்தில் நாங்கள் ஜோடி. உப்புப் பெட்டியை அவள் தலைக்கு நான் தூக்கிவிடுவேன், என் தலைக்கு அவள். அப்படி இருந்தவள் இறங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் பணம் வேணும் என்றாள். யார் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? அன்றோடு பேச்சு நின்றது. அவள் இன்னமும் அந்த அளத்தில் வேலை பார்க்கிறாள். கண் அவளுக்குக் கெடவில்லை. எனக்குத்தான் கெட்டது.

பங்குனி 27, புதன்

என் வயிறு எரிகிறது.

பேப்பரில் வந்துவிட்டது. டீக்கடையில் வாங்கிவந்து சேர்மக்கனி படித்தாள். டீச்சரின் அறிக்கையில் இருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரிய எழுத்தில் தலைப்பே என் பேச்சுதான். "அளத்துல உப்பு வெளையுது, எங்க வயித்துல கல்லு வெளையுது." நான் சொன்னது! ஒரு மரம்கூட இல்லாத வெள்ளைக் காட்டில் ஒதுங்க மறைவு இல்லை, அதனால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறோம், சிறுநீரகத்தில் கல் வைத்துவிடுகிறது என்று நான் சொன்னது. வரப்பில் நின்று கங்காணி சிரிப்பதையும் சொல்லியிருந்தேன், அதுவும் இருந்தது.

கீழே போட்டிருக்கிறான், "என்கிறார் உப்பளத் தொழிலாளி மூக்கம்மாள்" என்று.

எழுதிவிட்டேன். எழுதாமல் எப்படிச் சொல்வது? ஆமாம், அவள் பேர்தான். கீழத்தெருக்காரியின் பேர். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, என் வாயில் இருந்து வந்ததை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டார்கள்.

சேர்மக்கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். பிறகு சாப்பிட்டேன்.

பங்குனி 28, வியாழன்

டீச்சரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். முகம் வெளிறிவிட்டது.

"அப்படி ஒருத்தங்க இருக்காங்களா? அளத்துலயா?"

"நீ அவகிட்டயும் பேசிருக்க. குறுக்குச்சாலைக்காரின்னு கூப்பிடுவாகள்லா, அவதான்."

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். டீச்சருக்கு அவளைக் குறுக்குச்சாலை ஆச்சி என்றுதான் தெரியும். சொந்தப் பேர் அளத்துப் பதிவேட்டில்தான் கிடக்கும்.

"ஒரு தடவகூட நீங்க அந்தப் பேரைச் சொல்லலியேம்மா."

"சொல்லுவனா?"

"அது எங்க அப்பாவப் பெத்த ஆச்சி பேரு. அவங்களும் உப்பு சுமந்தவங்க. நல்ல பேரு, இந்தக் கடக்கரைப் பேருன்னு ஆசையா வச்சேன்."

பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறாள். பேப்பர்க்காரன் அதை மட்டும் விட்டுவிட்டான். திருத்தம் போடச் சொல்லிப் போன் மேல் போன் போட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் காப்பி கொடுக்கவில்லை.

சித்திரை 2, திங்கள்

சேர்மக்கனி அளத்தில் இருந்து வந்து கஞ்சிப் பானையைக்கூட இறக்கவில்லை, நின்றபடியே சொன்னாள்.

கங்காணி சுடலைமணி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கீழத்தெருக்காரியிடம் போயிருக்கிறான்.

"நீதானா இது? ஒனக்கு இவ்வளவு வாயா?"

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னது யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. வாருபலகையைக் கீழே வைத்தாளாம். பேப்பரைப் படிக்கச் சொல்லி, முழுவதும் கேட்டாளாம். கேட்டுவிட்டு, "ஆமா, நாந்தான் சொன்னேன். பொய்யா?" என்றாளாம். அந்த இடத்திலேயே நாளையில் இருந்து வராதே என்று அனுப்பிவிட்டான்.

பார்த்தாயா திருடியை! ஊரே புகழ்கிற பேச்சு என்று தெரிந்ததும் தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வேலைநிறுத்தத்தை விற்றவள் இன்றைக்கு என் பேச்சைத் திருடினாள்.

சேர்மக்கனி என்னையே பார்த்தாள்.

"அத்தை, நெசமாவே ஒங்களுக்கு வெளங்கலியா?"

"என்னத்த வெளங்கணும்?"

"ஒண்ணுமில்ல. கையக் கழுவுங்க, சாப்பிடுவோம்."

கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பரிமாறினாள். வாயு என்கிறாள்.

சித்திரை 6, வெள்ளி

வாழைத்தண்டு. முருங்கைக்கீரை. வெயில் கொளுத்துகிறது.

டீச்சர் வந்து வாசலில் கிடந்த பழைய பெட்டி மேல் உட்கார்ந்தாள். சங்கத்தின் பேரில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறாள். முதலாளி தரப்பைக் கூப்பிட்டுப் பேசப்போகிறார்கள். அவளை வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும், அளத்தில் மறைவிடம் கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"சொன்னது அவங்க இல்லன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும் பேச்சிம்மா, அவங்களுக்கு வேலை திரும்பிரும். அடுத்து, அப்போ யாருன்னு கேப்பாங்க."

"கேப்பான்."

"சொன்னா உங்க வீட்ல வேலை போவும். உங்களுக்குக் குடுத்த வாக்கும் போவும். படிப்புக்காரின்னா நான் பேரை மறைக்கணும். சங்கத்துக்காரின்னா பேரைச் சொல்லணும். நான் எந்தப் பக்கம் உக்கார?"

"மொதல்ல அந்தப் பெட்டிய விட்டு எந்திரி. அது ஒடஞ்சது. நாற்காலில உக்காரு."

சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்தாள். அங்கே வந்து சொல்லு என்று அவள் என்னைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் போனதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இன்று காப்பி கொடுத்தேன்.

சித்திரை 9, திங்கள்

கீழத்தெருவில் முருங்கைக்காய் நல்ல நீளமாகக் கிடைக்கும் என்றார்கள். வாங்கப் போனேன். வழியில்தான் அவள் வீடு, வேறு வழி கிடையாது.

வாசலில் உட்கார்ந்து கூலிக்குப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளாடு. மெலிந்துவிட்டாள். ஆட்டைச் சொல்லவில்லை. அவள் பிள்ளை பிழைத்துப் பெரியவனாகித் திருப்பூரில் இருக்கிறான், வருவதில்லை. இதெல்லாம் சும்மா காதில் விழுந்ததுதான், நான் விசாரிக்கவில்லை.

நான் நின்றேன். செருப்பில் முள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டிடம் பேசினாள்.

"ஏ ஆடே, இங்க என்னத்துக்கு வந்து நிக்க? எவனாவது பாத்துரப் போறான். பேசாம வீட்டுக்குப் போ. ஒம்மருமவ ஒழுங்கா வேலைக்குப் போவட்டும். வாயத் தொறந்து காரியத்தக் கெடுத்துராத."

ஆட்டுக்கு ஏது மருமகள்? கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டது.

நானும் ஆட்டிடம் சொன்னேன். "அடுத்தவ சொத்த எடுத்து வச்சிருக்கவா எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்னு சொல்லு."

அதற்கு அவள், "எடுத்தது பேச்சில்ல, சொமைன்னு சொல்லு" என்றாள்.

வந்துவிட்டேன். முருங்கைக்காய் வாங்க மறந்துவிட்டது.

சித்திரை 10, செவ்வாய்

அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் முட்டாள் இல்லை. ஆனால் இதை எழுத மாட்டேன்.

சித்திரை 13, வெள்ளி

மத்தியானம் சேர்மக்கனியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். பாத்திக்குள்ளேயே சுருண்டு விழுந்தாளாம். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். கல். டாக்டர் பொம்பளை சின்ன வயதுக்காரி. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"காலைல ஒரு தம்ளர். வேல முடிஞ்சு வந்து குடிப்பேன்."

"ஏன், அங்கே தண்ணி இல்லையா?"

"தண்ணி இருக்கு டாக்டரம்மா. குடிச்சா அப்புறம் எங்க போவ?"

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வாழைத்தண்டு எதற்கு வாங்குகிறேன் என்று இவளிடம் நான் சொன்னதில்லை. வயிறு வலிக்கிறது என்று இவளும் என்னிடம் சொன்னதில்லை. ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம்.

சித்திரை 18, புதன்

நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. நானும் போகிறேன் என்றதும் மகன் போனில் கத்தினான்.

"நீ பேசாம கெட. இவளுக்கு வேல போச்சுன்னா பயலுக்கு விடுதிக்கு யாரு கட்ட?"

போனைச் சேர்மக்கனி வாங்கினாள்.

"அத்தை போவட்டும். நானும் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆச்சி ஒங்க வாய அடையாளம் கண்டுட்டா அத்தை. பேப்பரப் படிக்கையிலயே தெரிஞ்சிருக்கும். இல்லன்னு சொன்னா கங்காணி அடுத்து யாருன்னு தோண்டுவான். நம்ம வீட்டுல வந்து நிப்பான். அதுக்குத்தான் ஆமான்னா" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் சொன்னத நான் சொன்னேன்னு சொல்லப் போறேன். அவளுக்காகன்னு நெனச்சிராத."

"நெனக்கல அத்தை."

சித்திரை 19, வியாழன்

நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நீள மேசை. நடுவில் அதிகாரி, கண்ணாடி போட்டவர். ஒரு பக்கம் முதலாளியின் வக்கீலும் கங்காணியும். மறுபக்கம் டீச்சரும் அவளும். நானும் சேர்மக்கனியும் சங்கத்துப் பெண்களும் பின்னால் பெஞ்சில். அவள் வெளுத்த சேலையைத் துவைத்துக் கட்டியிருந்தாள்.

அறிக்கையில் சொன்ன மூக்கம்மாள் யார் என்று அதிகாரி கேட்டார். "நாந்தாய்யா" என்று எழுந்தாள். அளத்தைப் பற்றி இல்லாததைப் பரப்பினாள், அதனால்தான் நிறுத்தினோம் என்றார் வக்கீல். அதிகாரி டீச்சரைப் பார்த்தார்.

"அறிக்கை எழுதினது நீங்கதானே? இது இவங்க சொன்னதா?"

"அறிக்கையில இருக்கறது எல்லாமே மாத்தின பேரு சார். யாரு சொன்னாங்கன்னு நான் சொல்ல முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்."

வக்கீல் சிரித்தார். "இது நல்லாருக்கே! போராட்டம்னா வாய மூட மாட்டாங்க, ஆராய்ச்சின்னா வாயத் திறக்க மாட்டாங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கழுத்தில் நரம்பு துடித்தது எனக்குத் தெரிந்தது, இந்தக் கண்ணுக்கும் தெரிந்தது. எழுந்துவிட்டேன்.

"அய்யா, அந்த வாக்கு எனக்குக் குடுத்தது. இப்ப நானே திருப்பிக் குடுத்துட்டேன். அதச் சொன்னது நாந்தான். பேரு பேச்சியம்மாள். மேலத்தெரு."

கங்காணியின் தலை சட்டென்று சேர்மக்கனி பக்கம் திரும்பியது.

"ஏட்டி, உக்காரு" என்றாள் அவள். திரும்பாமலே சொன்னாள். எத்தனையோ வருசம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு, அதுவும் அதட்டல்.

"நான் எதுக்கு உக்காரணும்?"

"வயசாயிட்டுய்யா, ஒளறுதா. நாந்தான் சொன்னேன். அளத்துல உப்பு இருக்கு, வயித்துல கல்லு இருக்குன்னு."

"இருக்குன்னா சொன்னேன்? வெளையுது! வெளையுதுன்னு சொன்னாத்தானட்டி அர்த்தம்! ஒழுங்காத் திருடக்கூடத் தெரியல. நீ உக்காரு மூக்கம்மா!"

வந்துவிட்டது. அந்தப் பேரை நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் வாயில் கை வைத்தார்கள். அவள் இப்போது திரும்பினாள். என்னையே பார்த்தாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வக்கீலிடம் சொன்னார், "ரெண்டு பேரும் நான்தான் சொன்னேன்னு சண்டை போடுறாங்க. பொய்யின்னு யாரும் சண்டை போடலியே. சரி, நீங்க சொல்லுங்க. அளத்துல பெண்களுக்கு மறைவிடம் இருக்கா?"

வக்கீல் கங்காணியைப் பார்த்தார். கங்காணி எழுந்து, "வெட்டவெளிதானய்யா. எங்க வேணா போய்க்கலாம்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் சேர்மக்கனி எழுந்து போய், ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை மேசை மேல் வைத்தாள்.

"பேச்சியம்மாளுக்கு மருமவ நான். கங்காணியாரு என்னையப் பாத்துக்கிட்டே இருக்காக, அதான் நானே சொல்லிட்டேன். இது எம்வயித்துப் படம்."

அதிகாரி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அளத்துக்கு நேரில் வந்து பார்ப்பதாகவும், அதுவரைக்கும் யாரையும் நிறுத்தக்கூடாது, நிறுத்தியவளை எடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மறைவிடம் பற்றிய முடிவு பார்த்த பிறகுதானாம்.

பஸ் நிறுத்தத்தில் அவளும் நானும் ஒரே நிழலில் நிற்க வேண்டியதாயிற்று.

"எம்பேரு மறந்து போயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

"ஆபீசுக்காகச் சொன்னேன்."

"செரி."

கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்குப் புள்ளைக்கு" என்று ஆரம்பித்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறும்போது படி உயரமாக இருந்தது. அவள் கையைப் பிடித்தேன். விழுந்தால் யார் ஆஸ்பத்திரிக்கு அலைவது?

சித்திரை 23, திங்கள்

அவளையும் சேர்மக்கனியையும் கடலோரத்துக் கடைசிப் பாத்திக்கு அனுப்பிவிட்டான் கங்காணி. நடந்து போய்ச் சேரவே வெயில் ஏறிவிடும். வேலையை விட்டு நிறுத்த முடியவில்லை, அதனால் இப்படி. சேர்மக்கனி கால் வீங்கி வருகிறாள். மகன் என்னோடு பேசுவதில்லை. பேரனிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறான்.

சித்திரை 28, சனி

நாளைக் கழித்து அதிகாரி அளத்துக்கு வருகிறார். பெண்களை ஒவ்வொருவராகக் கேட்பாராம். அவள் மறுபடி "இருக்கு, இருக்கு" என்று உளறினால் என் பேச்சு பாழாகிவிடும். திருத்திவிட்டு வரலாம் என்று போனேன். வேறு எதற்கும் இல்லை.

போனால் அங்கே டீச்சர் உட்கார்ந்திருக்கிறாள், கருவியோடு. இந்தத் தடவை இவளிடம் முறையாகக் கேட்டு எழுதுகிறாளாம். எனக்கு ஒரு பலகை போட்டார்கள். அந்த வீட்டுக்குள் கால் வைத்து எவ்வளவு காலம் ஆயிற்று. சுவரில் அதே பச்சை.

"சொல்லு பாப்போம்" என்றேன்.

"அளத்துல வெளையுதது அவுகளுக்கு" என்றாள்.

"அப்படி இல்லட்டி. அளத்துல உப்பு..."

"நீ சும்மா இரு. ஒன்னோடத நீ சொல்லிட்ட. அளத்துல வெளையுதது அவுகளுக்கு. வயித்துல வெளையுதது எங்களுக்கு."

உப்பும் இல்லை, கல்லும் இல்லை, ஆனால் எல்லாம் அதில் இருந்தது. முழு நாள் யோசித்தாலும் எனக்கு அது வந்திருக்காது. அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

டீச்சர் கருவியை நிறுத்தி, "இதை அடுத்து வர்ற புத்தகத்துல சேக்கணும் ஆச்சி. உங்களுக்கு என்ன பேரு வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"மூக்கம்மான்னே போடு" என்றேன் நான். "பக்கத்துல, பெயர் மாற்றப்படவில்லைன்னு எழுது. பேப்பர்க்காரன் அதை விட்டுறாம பாத்துக்க."